தனுஷ்கோடில ரெண்டு பக்கமும் கடல், அப்புறம் எப்படி மணல்ல நல்ல தண்ணி ஊறுது?

ராமேஸ்வரம் வர்றவங்க நிறைய பேர் கேக்குற கேள்விதான் இது. 1964 டிசம்பர் புயல்ல ஊரே அழிஞ்சும் மீனவக் குடும்பங்க இன்னும் அங்க இருக்க முடியுதுன்னா இந்த ஊத்துத் தண்ணிதான் பெரிய காரணம்.

மழை பெய்யுறப்ப தண்ணி மணல்ல வேகமா உள்ள இறங்கிடும், ஆனா கீழ ஏற்கனவே கடல் தண்ணி ஊறி நிக்குது, உப்பு இருக்கறதால அது மழைத்தண்ணிய விட சுமார் 2.5 சதவீதம் கனம், அதனால மழைத்தண்ணி கலந்து போயிடாம அது மேல அப்படியே மிதக்கும், சாம்பார் மேல எண்ணெய் நிக்குற மாதிரி. மணல் துகள் நடுவுல தண்ணி மெதுவாத்தான் நகரும், அதான் சட்டுனு கலக்கறதில்ல. கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா கீழ கிட்டத்தட்ட 40 அடி வரைக்கும் இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு, நிஜத்துல மணலப் பொறுத்து மாறும்.

லட்சத்தீவு, மாலத்தீவுலயும் கிணத்துத் தண்ணி இப்படித்தான்.

ஆனா ஒண்ணு, ஊத்த ஆழமாத் தோண்டினாலோ மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ கீழ இருக்கற உப்புத்தண்ணி மேல ஏறிடும். கையால ஆழம் இல்லாம தோண்டி, ஊற ஊற மொள்ளுறதுதான் சரியான முறை. அரிச்சல்முனை போறவங்க தயவுசெஞ்சு ஊத்துப் பக்கம் பிளாஸ்டிக், குப்பை போடாதீங்க, அந்த மக்கள் குடிக்கிற தண்ணி அது.