ஜானி, பில்லி, அப்புறம் அந்த மூணாவது ஆள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்குச் சிப்பாயை பில்லி யாங்க்னும் தெற்குச் சிப்பாயை ஜானி ரெப்னும் செல்லமா கூப்பிட்டாங்களாமே, அப்போ அது வெறும் அண்ணன் தம்பி சண்டைதானே?

பதில்: பேர் ரெண்டும் சரி, நீங்க வந்த முடிவுதான் தப்பு.

ரெபல், அதாவது கலகக்காரன்ங்கறதோட சுருக்கம்தான் ரெப். இதைத் தவிர வேற பட்டப்பேரும் இருந்துச்சு. நீல யூனிஃபார்ம் போட்ட வடக்கத்தி ஆளு தெற்குக்காரனுக்கு 'நீல வயிறு', சாம்பல் கலர் போட்ட தெற்கத்தி ஆளு வடக்குக்காரனுக்கு 'சாம்பல் முதுகு', உடம்புல ஊர்ற பேனுக்கும் அதே பேர்தான். தெற்குல துணி தட்டுப்பாடு வந்து வீட்டுல நெய்ததை பட்டர்நட் மரத்துப் பட்டையில சாயம் ஏத்திப் போட்டதால 'பட்டர்நட்'னும் சொன்னாங்க. 1862-63 குளிர்காலத்துல வர்ஜீனியா மாநிலத்து ரப்பஹானக் ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் அந்தப் பக்கம் ஒருத்தன்னு காவல் நின்னப்போ குட்டிப் படகு செஞ்சு பாய் கட்டி விட்டு, தெற்குலேருந்து புகையிலை வடக்குலேருந்து காபின்னு மாத்திக்கிட்டதும் நிஜம், படிக்கும்போது எனக்கும் மனசு இளகத்தான் செய்யுது.

ஆனா வடக்கு ராணுவத்துல சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தாங்களே, அந்த மூணாவது ஆளை ஏன் கணக்குல சேர்க்கல? வெள்ளைக்கார பில்லிக்கு மாசம் 13 டாலர் சம்பளம், இவங்களுக்கு 10 டாலர், அதுலயும் துணிக்குன்னு 3 டாலர் பிடிச்சுப்பாங்க. கறுப்பின வீரர்களோட மாசசூசெட்ஸ் 54வது படைப்பிரிவு 'சமமா குடு, இல்லன்னா சம்பளமே வேணாம்'னு வாங்காமலே சண்டை போட்டுச்சு, 1864 ஜூன்லதான் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சம்பளத்தைச் சமமாக்குச்சு. இவங்க பிடிபட்டா போர்க்கைதியா நடத்த தெற்கு தயாரா இல்ல, ஏன்னா அவங்க கண்ணுல இவங்க ஓடிப்போன அடிமைங்க. அந்த அடிமை முறையைக் காப்பாத்தத்தான் தெற்கு பிரிஞ்சு போனதே, அதை எப்படிங்க குடும்பச் சண்டைன்னு சொல்றது?

இந்த 'அண்ணன் தம்பி' கதை பின்னாடி ஊட்டி வளர்த்தது. 1913ல, இந்தப் போரோட பெரிய சண்டை ஒண்ணு நடந்த கெட்டிஸ்பர்க்ல 50,000த்துக்கு மேல பழைய வீரர்கள், கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்காரங்க, கூடிக் கை குலுக்குனாங்க, சண்டையெல்லாம் மறந்தாச்சுன்னு ஜனாதிபதி வில்சன் பேசினார்.

ஆனா மறக்க முடியாததும் இருக்கு: 1864 ஏப்ரல்ல டென்னசி மாநிலத்து பில்லோ கோட்டையில, சரணடைய வந்த கறுப்பின வீரர்களைத் தெற்குப் படை கொன்னு குவிச்சுச்சு. அதுக்கப்புறம் கறுப்பினப் படைங்க 'பில்லோ கோட்டையை மறக்காதே'ன்னு கத்திக்கிட்டேதான் சண்டைக்குள்ள பாய்ஞ்சாங்க.