அடித்து முடிந்த பந்தைத் துரத்த வேண்டாம்

அன்புள்ள அம்மா,

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் ஆலோசனை அறைக்கு நீங்களும் உங்கள் கணவரும் உங்கள் அண்ணனும், வாலிபால் ஆடும் உங்கள் மகளை அழைத்துக்கொண்டு, பிளஸ் டூவுக்குப் பிறகு அவளை என்ன படிக்க வைப்பது என்று பேச வந்திருந்தீர்கள். 40 நிமிடப் பேச்சில் 30 நிமிடம் அண்ணனே பேசினார். கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல், விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 14 லட்சம், அதற்காகச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையின் பத்திரத்தை வங்கியில் வைப்பது என்று எல்லாம் முடிவாகிவிட்டதைப் போலவே அவர் சொன்னார். "பந்து எங்க வரும்னு முன்னாடியே கண்டுபிடிக்கிற மூளைங்க, கோடிங் எல்லாம் எம்மாத்திரம்?" என்றும் கேட்டார். கவலைப்படாதீர்கள் என்று அன்று உங்களிடம் சொல்லி அனுப்பினேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பத்திரத்தைப் பற்றி நிறையவே இருக்கிறது.

நீங்கள் மூவரும் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில், மகளின் கைப்பேசியில் இருந்த ஒரு வாலிபால் ஆட்டத்தை ஓடவிட்டேன். எதிரணிப் பெண் துள்ளி எழுந்து, அவர் கை பந்தைத் தொடுவதற்கு முன்பே திரையை நிறுத்தி, பந்து எங்கே விழும் என்று கேட்டேன். பத்தில் எட்டு முறை சரியாகச் சொன்னாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, "கடைசி ஸ்டெப்புல இடது கால் லைன் பக்கமா திரும்பியிருந்துச்சு சார், தோளும் திறக்கல, அப்ப நேராத்தான் அடிப்பாங்க" என்றாள். பிறகு ஒரு பாட்மின்டன் ஆட்டத்தை அதே போல நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பத்தில் ஐந்துதான் சரியாக வந்தது, அவளே சிரித்துவிட்டாள்.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை, பாதி தவறு என்பதற்கு இந்தச் சிறிய சோதனையே போதும். நம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனைப் போன்ற ஒருவர் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் பந்து, மட்டையாளரை அடைய அரை நொடி கூட ஆகாது. பந்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடிக்க நினைப்பவர் அடிக்கவே முடியாது. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்னும் இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது, பந்து கையை விட்டதும் அவர்களின் பார்வை, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுவதையும், கூடுதல் தேர்ச்சி உடையவரின் பார்வை இன்னும் சீக்கிரமாகத் தாவுவதையும் கண்டார்கள். ஆனால் இந்தக் கணிப்பு அந்தந்தக் களத்தில் ஆண்டுக்கணக்கில் பழகிச் சேர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், மேலே இரண்டு வளைவு தள்ளி மர இடுக்கில் தெரியும் வண்டியை வைத்தே தன் வேகத்தைக் குறைப்பார். அதே மனிதர் ஏலச்சீட்டில் இரண்டு முறை ஏமாந்தார். ஆகவே வாலிபால் மூளை தானாகக் கோடிங் மூளையாகிவிடும் என்று எண்ணிப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்.

களம் மாறும்போது கூடவே எடுத்துச் செல்லக்கூடியது ஒன்று உண்டு: பந்தை விட்டுவிட்டுத் தோளைப் பார்க்கும் பழக்கம். அதை இந்த வீட்டு முடிவுக்கே பொருத்திப் பாருங்கள். அண்ணன் மகன் 2021இல் வளாகத் தேர்வில் வேலை பெற்றதாகச் சொன்னீர்கள். ஐ.டி. நிறுவனங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்தப் பந்து அடித்து முடிந்துவிட்டது. உங்கள் மகள் வேலை தேடி நிற்கப்போவது இன்னும் நான்கு ஆண்டு கழித்து. அதற்கான தோள் அசைவுகள் இப்போதே தெரிகின்றன. தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இருந்த சேர்க்கை உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பு 2024–25 கல்வியாண்டிலிருந்து நீக்கிவிட்டதால் கணினிப் பிரிவின் இடங்கள் பெருகி வருகின்றன. அந்தக் கல்லூரி உங்களிடம் காட்டிய வண்ணத் தாளில் அதிகபட்சச் சம்பளம் இருக்கிறது. வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் என்ன வாங்கினார் என்பது இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கோடிங் பிடிக்குமா என்று நான் கேட்டபோது உங்கள் மகள் தரையைப் பார்த்தாள். இயற்பியல் கணக்கைப் பற்றிக் கேட்டபோது மேசையில் இருந்த காகிதத்தை இழுத்து வரையத் தொடங்கிவிட்டாள்.

மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல உறவினர் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது அவர்களில் யாரும் சொல்லாத ஒன்று: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, சுருக்கமாக ஏ.டி.சி. இந்திய விமான நிலைய ஆணையம் இதற்கு ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் என்ற பதவியில் ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் படித்த முழுநேர பி.எஸ்சி. பட்டமே போதும், பொறியியல் கட்டாயம் இல்லை. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27, பிற்படுத்தப்பட்டோருக்குத் தளர்வு உண்டு. கணினிவழித் தேர்வில் பாதி இயற்பியலும் கணிதமும். மீதி ஆங்கிலம், பொது அறிவு, தர்க்கம், எண்கணிதம். அதன் பிறகு குரல் சோதனையும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தேர்வானவர்களுக்குப் பயிற்சி தருவதில் பிரயாக்ராஜில் உள்ள மையம் முதன்மையானது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், படிகள் தனி.

இந்த வேலையில் செய்வது என்ன தெரியுமா? நடுவானில் ஒரு விமானம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போகும். எதிரெதிரே வரும் இரண்டுக்கும் இடையிலான தூரம் நிமிடத்துக்கு 30 கிலோமீட்டர் குறையும். ராடார் திரையில் அவை சந்திக்கப்போகும் புள்ளியைப் பல நிமிடங்களுக்கு முன்பே கண்டு, உயரத்தில் 1,000 அடியோ பக்கவாட்டில் குறைந்தது 5 கடல் மைலோ இடைவெளி இருக்கும்படி விலக்கிவிட வேண்டும். உங்கள் மகள் ஆடும் லிபரோ என்னும் தற்காப்பு இடத்தை நினைத்துப் பாருங்கள்: தனி நிறச் சட்டை, வலைக்கு மேல் அடிக்க அனுமதி இல்லை, புள்ளி எடுத்துப் பெயர் வாங்குவதும் இல்லை, பந்து தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே பணி. ராடார் திரை அவளுக்குப் புதிய களம்தான், அதையும் ஆண்டுக்கணக்கில் பழகித்தான் ஆக வேண்டும். அப்படிப் பழகுவதில் அலுக்காத பெண் அவள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு ஆண்டு தவறாமல் வரும் என்ற உறுதி இல்லை, போட்டி கடுமை, இரவுப் பணி உண்டு, நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றுவார்கள். தேர்வு கைகூடாவிட்டாலும் பட்டம் வீண் போகாது, எம்.எஸ்சி., வங்கித் தேர்வு, பட்டதாரி நிலை மத்திய அரசுத் தேர்வுகள் என எல்லாம் திறந்தே இருக்கும்.

செலவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேலத்திலேயே 1857இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கெனத் தனி அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் பி.எஸ்சி. இயற்பியல் முடிந்துவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். வாலிபாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு ஜோடி காலணிதான்.

அண்ணனிடம் பேசத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடுங்கள். அந்தக் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். அரசுக் கல்லூரி விண்ணப்பம் மே மாதத்தில் இணையத்தில் திறக்கும். அதற்குள் ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்ததும், மகளை மட்டும் அனுப்பி வையுங்கள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.