ரஷ்யச் சமூகவியலாளர்கள் சேர்ந்து உழைப்பதே இல்லை என்று எழுதலாமா?

ஆசிரியர்களைப் புள்ளிகளாகவும், சேர்ந்து எழுதியவர்களை இணைக்கும் கோடுகளாகவும் காட்டும் இணையாசிரியர் வலையமைப்பை ரஷ்யச் சமூகவியலாளர்களுக்கு வரைந்தபோது பெரும்பாலோர் தனிப்புள்ளிகளாகவே நின்றதாகவும், அங்கே கூட்டுழைப்பு இல்லை என்று ஆய்வேட்டில் முடிவு எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி எழுத வேண்டாம். ஒப்படைக்கும் நாள் நெருங்கியிருக்கும், நெறியாளரும் ஒற்றை வரியில் முடிவு கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனாலும் சற்றுப் பொறுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பொருளில் நடந்த ஓர் ஆய்வில் நான் உதவியாளராக இருந்தேன். மாலை வகுப்பில் கற்ற ரஷ்ய மொழி எனக்கு ஓரளவு தெரியும் என்பதால், ஆசிரியர் பெயர்ப் பட்டியலைச் சீர்செய்யும் வேலை என்னிடம் வந்தது. சமூகவியலாளர் விளாதிமிர் யாதொவின் குடும்பப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது, பின்பற்றும் முறையைப் பொறுத்து அது வொய், ஐ, ஜே ஆகிய மூன்றில் எதிலும் தொடங்கலாம். அவர் தந்தையின் பெயரான அலெக்சாந்தரின் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் விடுபட்டிருக்கும். கணினி அவரை நான்கைந்து ஆட்களாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் தனிப்புள்ளியாக வைத்துவிடும். தந்தை பெயரின் எழுத்தைச் சுமந்து திரியும் நமக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. நான்கு மாதம் இரவும் பகலுமாக ஒவ்வொரு பெயராகச் சேர்த்தேன். ஆகவே, உங்கள் தனிப்புள்ளிகளில் எத்தனை உண்மையிலேயே தனி மனிதர்கள் என்பதை முதலில் சரிபாருங்கள்.

எதிர்த்திசையிலும் பிழை வரும். பத்துப் பேர் எழுதிய ஒரு நூல் 45 கோடுகளை உண்டாக்கும்; இருபது பேர் எழுதினால் 190. ரஷ்ய ஆய்வு நிறுவனங்களில் கூட்டு நூல்கள் வழக்கமானவை என்பதால், ஒருவரையொருவர் சந்திக்காமலே தத்தம் அத்தியாயத்தை அனுப்பியவர்கள்கூட நெருங்கிய குழுவைப் போலப் படத்தில் திரண்டு நிற்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு படைப்பின் எடையையும் அதன் ஆசிரியர்களிடையே பங்கிட்டுக் கணக்கிடும் முறையை வலையமைப்பு ஆய்வாளர் மார்க் நியூமன் 2001-இல் முன்வைத்தார். நீங்களும் அதைக் கையாளுங்கள்.

வலையமைப்புப் பகுப்பாய்வையே நான் குறை கூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1967-இல் லெனின்கிராட் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) இளந்தொழிலாளர்களைப் பற்றிய 'மனிதனும் அவன் வேலையும்' என்ற நூலில் யாதொவோடு சேர்ந்து நின்ற ஸ்த்ராவொமீஸ்லொவின் பெயர், 2003-இல் அதன் தொடர்ச்சியாக வந்த நூலிலும் அவரோடு சேர்ந்தே நிற்கிறது. 36 ஆண்டுகள் நீடித்த இந்த உறவை ஒரு கோடு சரியாகவே சொல்கிறது. ஆனால், அதே நாட்டில் சமூகவியலாளர் யூரி லெவாதாவின் வாழ்க்கையையும் பாருங்கள். 1969-இல் வெளியான சமூகவியல் விரிவுரைகளுக்காக அவர் கண்டனத்துக்கு உள்ளானார். 1972-இல் அவர் பணியாற்றிய நிறுவனமே மாற்றியமைக்கப்பட்டபோது வெளியேறினார். அதன் பின்னும் அவருடைய கருத்தரங்கு இடம் மாறி மாறிப் பல ஆண்டுகள் நடந்தது. அங்கே கூடி வாதிட்டவர்களிடையே எந்தத் தரவுத்தளமும் கோடு போடவில்லை. ரஷ்ய அறிவியல் மேற்கோள் தரவுத்தளம் தொடங்கியதே 2005-இல். அதற்கு முந்தைய காலம் அதில் அரைகுறையாகத்தான் இருக்கிறது.

படத்தில் தெரியும் பிளவுகளையும் வெறும் தனிமை என்று எழுதிவிடாதீர்கள். பீட்டர்ஸ்பர்க் சமூகவியலாளர்களை ஆராய்ந்த மிகயீல் சொகொலொவும் அவருடைய குழுவினரும் அங்கே மேற்கு, கிழக்கு, இடைநிலை என மூன்று வட்டாரங்களைக் கண்டார்கள். வெளிநாட்டு ஆய்வுகளோடு உரையாடுவோரும் உள்நாட்டு மரபுக்குள் நிற்போரும் ஒரே நகரத்தில் வாழ்ந்தபடியே ஒருவரையொருவர் பெரும்பாலும் படிப்பதில்லை. அவர்கள் தத்தம் வட்டாரத்துக்குள் சேர்ந்து உழைக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டுவதுதான் அரிது. இதைப் போய்க் கூட்டுழைப்பே இல்லை என்று எழுதினால், உள்ளதை விட்டு இல்லாததை எழுதியதாகிவிடும்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் இருக்கிறது. நான் வேலை செய்த ஆய்வு கட்டுரையாக வெளிவந்தபோது ஆசிரியர் வரிசையில் மூன்று பெயர்கள் இருந்தன. நன்றியுரையின் கடைசி வரியில், 'தரவு உள்ளீட்டில் உதவியவர்' என்று நான் இருந்தேன். பெயர் சேர்ப்பது ஆய்வாகாது என்று வாதிடுவோர் இதைப் படிக்கக்கூடும். ஆனால் எந்த யாதொவும் எந்த யாதொவும் ஒரே ஆள் என்று முடிவு செய்யாமல் அந்தப் படத்தில் ஒரு கோட்டைக்கூட வரைந்திருக்க முடியாது. யார் யாரோடு சேர்ந்து உழைக்கிறார்கள் என்பதைக் கண்டறிய வந்த அந்தக் கட்டுரையிலிருந்து, மூத்தவர்கள் மூவரோடு நான் சேர்ந்து செய்த நான்கு மாத உழைப்பை யாராலும் கண்டறிய முடியாது.

ஆகவே, பெயர்களைச் சேர்த்து முடித்ததும் கட்டுரைகளின் நன்றியுரைகளையும் ஒரு தனிப் பட்டியலாக எடுங்கள். ரஷ்ய ஆய்விதழ்களில் அவை பெரும்பாலும் முதல் பக்கத்து அடிக்குறிப்பிலோ கட்டுரையின் கடைசியிலோ சிறிய எழுத்தில் இருக்கும்.