சீனக் கோயில்களில் தொங்கும் தங்க நூல் பூத்தையல் கைவேலையா, இயந்திர வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பினாங்கில் வசிப்பதால் இவற்றை அடிக்கடி பார்க்கிறேன். அதிகம் கண்ணில் படுவது பீடத்தின் முன் தொங்கும் சிவப்புத் திரை. இங்கே அதைத் 'தோக் வி' என்பார்கள். மேலே குறுகிய பட்டை, கீழே பெரிய சதுரம், அதன் நடுவே பெரும்பாலும் ஒரு டிராகன்.

முதலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இந்தத் தங்க நூல் கைவேலைக்குப் பேர்போனது சீனாவின் குவாங்டாங் மாநிலத்துச் சாவ்சோ ஊர்; அதன் பூத்தையலுக்கு உயிரே புடைப்புதான். துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, டிராகனின் உடல் வரும் இடத்தில் பஞ்சை மேடாகக் குவித்துத் தைத்த பிறகே தங்க நூலை எடுக்கிறார்கள். நெற்றி, மூக்கு, கன்னம் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். அந்த முகத்தைப் பார்த்தாலே செய்தவரின் தரம் தெரிந்துவிடும் என்பேன்.

பிறகு நெருங்கி ஒரே ஒரு செதிலைப் பாருங்கள். பழைய முறைத் தங்க நூல் என்பது, தங்க ரேக்கு ஒட்டிய காகிதத்தை மெல்லிய நாடாவாக நறுக்கிப் பட்டு இழைமேல் சுற்றியது. காஞ்சிபுரம் ஜரிகையில் வெள்ளி இருக்கும் இடத்தில் இங்கே காகிதம். ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் உரிந்துவிடும். அதனால் நூலை இரண்டிரண்டாகத் துணியின் மேல் கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே பொடித் தையல் போட்டுப் பிடிக்கிறார்கள். அந்தத் தையல்கள் செங்கல் வரிசைபோல ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி விழும். பிடிக்கும் நூல் சிவப்பாக இருந்தால் தங்கம் இன்னும் கனிந்து தெரியும். செதிலுக்குச் செதில் நூல் வளையும் திசை மாறுவதால், நீங்கள் நகர நகர ஒளியும் நகரும்.

இயந்திர வேலை பெரும்பாலும் தட்டையாக இருக்கும். பளபளப்பு நூல் துணிக்குள் புகுந்து புகுந்து வெளிவரும். எல்லாச் செதிலும் ஒரே அச்சு. விலை குறைவு என்று இதை வாங்கிப் பழையதை மூட்டை கட்டி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சாவ்சோ பூத்தையல் அடங்கிய குவாங்டாங் பூத்தையலைச் சீன அரசு 2006-லேயே தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உங்களிடம் பழைய திரை இருந்தால் ஒன்று சொல்கிறேன்: ஊதுபத்திப் புகை படிந்து கறுத்திருந்தாலும் தண்ணீரில் நனைக்காதீர்கள், ஈரத் துணியாலும் துடைக்காதீர்கள். காகிதம் ஊறினால் தங்கம் கையோடு வந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, வெயில் படாத இடத்தில் மடிக்காமல் விரித்து வையுங்கள்.