11 வருடக் கௌரவ விரிவுரையாளர் வழக்குப் போட்டால் நிரந்தரம் ஆகுமா?
சார், சென்னை அரசுக் கல்லூரியில் 11 வருடம் ஆகிவிட்டது, வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வருடக் கணக்கை மட்டும் காட்டினால் கஷ்டம்தான். நீண்ட தற்காலிகப் பணி நிரந்தரத்துக்கு உரிமை தராது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம், அந்தத் தீர்ப்பைக் காட்டி நெடுநாள் உழைத்தவர்களின் நியாயமான கோரிக்கையைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்றது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் சேர்ந்தது அரசு முறையாக அனுமதித்த காலிப் பணியிடமா என்பதைத்தான். நியமன ஆணை, வகுப்புக் கால அட்டவணை, சம்பள விவரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நானும் கௌரவ விரிவுரையாளராக இருந்து, மே மாதம் சம்பளமில்லாமல் வீடு நடத்தியவள்தான். அப்புறம், வழக்கை நம்பி, நிரந்தரப் பணிக்கான ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.