பழைய மாணவர் 4×100 மீட்டர் தொடர் ஓட்டம்: மூன்றாமவர் கைக்கு எட்டாமல் ஓடிவிடுகிறார்

நண்பரே, இரண்டாமவர் பேட்டனை (கைமாற்றும் குச்சியை) நீட்டுவதற்குள் மூன்றாமவர் எட்டாத தூரம் போய்விடுகிறார் என்றால் அவர் சீக்கிரம் கிளம்புகிறார், அவ்வளவுதான். பேட்டன் மாற்றும் பகுதி 30 மீட்டர். அதன் தொடக்கக் கோட்டில் அவர் நிற்கட்டும். அங்கிருந்து பின்னால் 18 பாத அளவு எண்ணி டேப் ஒட்டுங்கள். வருபவர் டேப்பைத் தாண்டியதும் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இன்னும் எட்டவில்லையா? டேப்பை மூன்றாமவர் பக்கம் இரண்டு பாதம் கிட்டே கொண்டுவாருங்கள். முட்டிக்கொண்டால் தள்ளி வையுங்கள்.

இதை மெதுவோட்டத்தில் பழகிப் பயனில்லை. நம் வயதில் கடைசி 20 மீட்டரில்தான் கால் கனக்கும், கணக்கு அங்கேதான் தப்பும்.

கொடுப்பவருக்கு இடக்கை, வாங்குபவருக்கு வலக்கை. "கை" என்று கொடுப்பவரின் குரல் வந்த பிறகே வாங்குபவர் கையைப் பின்னால் நீட்டட்டும். கொடுக்கும் முன் விழுந்தால், தவறவிட்டவரே எடுக்க வேண்டும்.