ரோட்கிங்கின் மதிப்பு பத்தாயிரம்தானா?

வாகனக் காப்பீடு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பெங்களூரில் மோட்டார் காப்பீட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பகுதியாசிரியர் பதில் தருகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய பைக்குகளைப் பற்றியவை.

கேள்வி: வணக்கம் மேடம். அப்பா 1984-இல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் இப்போது என் பெயரில் இருக்கிறது. ஆர்.சி. புதுப்பித்துவிட்டேன். ஃபுல் இன்சூரன்ஸ் போடத்தான் முடியவில்லை. இணையத்தில் தேடினால் அந்த மாடலே பட்டியலில் இல்லை. ஒரு கம்பெனியில் ‘இவ்வளவு பழைய வண்டியை எடுக்க மாட்டோம்’ என்றார்கள். கடைசியில் ஒரு ஏஜெண்ட் 3,400 ரூபாய் கேட்டார். அதில் வண்டியின் மதிப்பாக அவர் போட்டிருப்பது 10,000 ரூபாய். எஞ்சின் வேலைக்கும் பெயிண்டுக்கும் மட்டுமே அதைவிடப் பல மடங்கு செலவழித்திருக்கிறேன். குறைந்த செலவில் நல்ல பாலிசி கிடைக்க வழி இருக்கிறதா? — வாசகர், மர்ஃபி டவுன்

பதில்: தம்பி, நீங்கள் 3,400-ஐப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது அந்த 10,000-ஐப் பார்த்து.

முதலில் பிரீமியக் கணக்கைப் பிரித்துவிடுவோம். தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு. அதன் கட்டணத்தை எந்தக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அரசு அறிவிக்கும் கட்டணம் அது. 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை உள்ள இரு சக்கர வாகனத்துக்கு 2022 ஜூன் முதல் 1,366 ரூபாய். உங்கள் ரோட்கிங் 250 சிசிக்குச் சற்றுக் குறைவு, ஆகவே இந்தப் பிரிவில்தான் வரும். வண்டிக்கு வயது நாற்பதானாலும் நாலானாலும் இந்தத் தொகையில் மாற்றம் இல்லை. வண்டி பழையது என்று சொல்லி தேர்ட் பார்ட்டி பாலிசியை மறுப்பதும் சரியில்லை. ‘எடுக்க மாட்டோம்’ என்றவர்களிடம் அதையே எழுத்தில் கேட்டிருந்தால் பேச்சு மாறியிருக்கும்.

அடுத்தது சொந்தச் சேதத்துக்கான பகுதி. இந்தக் கட்டணத்தை 2007 முதல் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்கின்றன. அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இருந்த அட்டவணையில், பத்து வருடத்துக்கு மேற்பட்ட உங்கள் ரக வண்டிக்கு, பெங்களூர் போன்ற நகரத்தில், நூறு ரூபாய் மதிப்புக்கு இரண்டு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அந்த விகிதத்தையே ஒரு குத்துமதிப்புக்கு வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் மதிப்புக்கு 200 ரூபாய் ஆகிறது. 1,366-ஐயும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 1,850 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. மீதி 1,550 ரூபாய் எதற்கு? ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் கொஞ்சம் இருக்கும். அந்த அளவுக்கு ஏற்கெனவே வேறு பாலிசி வைத்திருந்தால் இதை மறுபடி எடுக்க வேண்டாம். உங்களிடம் கார் இருந்தால் அந்தப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். மற்றபடி சாலையோர உதவி, அது இது என்று எதையாவது சேர்த்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது அதே கணக்கை ஒரு லட்ச ரூபாய் மதிப்புக்குப் போடுங்கள். சொந்தச் சேதத்துக்கு 2,000, தேர்ட் பார்ட்டிக்கு 1,366, அதன் மேல் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்குள். ஏஜெண்ட் கேட்டதைவிட அறுநூறு ரூபாய்கூட அதிகமில்லை. வண்டி திருடு போனால் கைக்கு வருவது பத்தாயிரமா, ஒரு லட்சமா என்பது இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பழைய வண்டி என்பதற்காகக் கம்பெனி கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

அந்த 10,000 எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பை ஐடிவி என்று சொல்கிறோமே, அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் என்று தொடங்கி, ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதத்தோடு அட்டவணை முடிந்துவிடும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் என்ன மதிப்பு? கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. இது விதியிலேயே இருக்கிறது. யெஸ்டி தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. உங்கள் வண்டிக்கு இரண்டு காரணமும் பொருந்தும். ஆனால் ஏஜெண்டின் கம்ப்யூட்டருக்குப் பேசி ஒப்புக்கொள்ளத் தெரியாது. அதில் இருக்கும் ஏதோ ஒரு குறைந்தபட்சத் தொகையை அது போட்டுவிடுகிறது, நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கையெழுத்துதான் ஒப்புதல். நாளைக்கு வண்டி காணாமல் போய், ‘என் வண்டி லட்ச ரூபாய் பெறும்’ என்று எவ்வளவு மன்றாடினாலும் ஒன்றும் நடக்காது. எத்தனையோ பேர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குறைந்த ஐடிவியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு என்று கணக்கு. 10,000 ரூபாய் மதிப்பென்றால் 7,500 ரூபாய் பில்லே போதும். டாங்க் நசுங்கி, ஃபோர்க் வளைந்து, ஒரு பக்க சைலன்சர் போனாலே அந்தத் தொகை வந்துவிடும். வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும்போதே ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பாவின் வண்டியை அப்படி விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு வருமா?

ஆகவே இணையத்தை மறந்துவிடுங்கள். பொதுத்துறைக் கம்பெனி ஒன்றின் கிளைக்கு நேரில் போய் மோட்டார் பிரிவு அதிகாரியைப் பாருங்கள். போவதற்கு முன் வாகனங்களை மதிப்பிட உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். ஜே.சி. ரோட்டில் உதிரி பாகம் வாங்கிய பில், பெயிண்டர் பில், லேத் வேலை பில், நாலு பக்கமும் எடுத்த போட்டோ எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். ‘இந்த மதிப்புக்கு ஐடிவி நிர்ணயிக்கக் கோருகிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர் முதலில் தேடுவது சேஸிஸ் நம்பரை. ரீஸ்டோர் செய்த வண்டிகளில் இங்கேதான் சிக்கல் வரும். பெயிண்டர் பட்டி போட்டு மழமழவென்று தேய்த்து, அதன் மேல் மூன்று கோட் அடித்திருப்பார். நம்பர் உள்ளே புதைந்திருக்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் மொழுக்கென்று ஒரு கறுப்புப் பட்டைதான் விழும், எண் விழாது. எண் விழவில்லையென்றால் ஃபைல் நகராது. ஆகவே அவர் வருவதற்கு முன்பே அந்த இடத்தில் மட்டும் தின்னரைத் தொட்டு, துணியால் மெதுவாகத் துடைத்து, எழுத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும்வரை சுத்தம் செய்யுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். நம்பரைச் சுரண்டியதுபோல் தெரிந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் புத்தகத்தில் கையால் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது 8 என்பது 3 ஆனதும், ஒரு பூஜ்யம் விட்டுப்போனதும் நிறைய உண்டு. முதலில் அதை ஆர்.டி.ஓ.வில் திருத்திவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். திருட்டு க்ளெய்முக்கு இரண்டு சாவியும் கேட்பார்கள். நாற்பது வருட வண்டிக்கு இரண்டாவது சாவி எங்கே இருக்கும்? இருப்பது ஒரே சாவிதான் என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் ஃபுல் பாலிசி கிடைக்கவில்லையென்றால், தேர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும் மட்டும் சேர்ந்த பாலிசி தருவார்களா என்று கேளுங்கள். பழைய அட்டவணையில் அப்படி ஒரு பிரிவே இருந்தது, நாங்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாதத்துக்கு நாலு நாள் வெளியே வரும் வண்டிக்கு அதுவே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: அக்கா, ஓசூரில் ஒருவரிடம் யமஹா ஆர்எக்ஸ்100 வாங்கி எஜிபுராவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தமிழ்நாடு நம்பர். இன்சூரன்ஸ் பழைய ஓனர் பெயரில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அது முடிந்தபின் மாற்றினால் போதுமா? — வாசகி, எஜிபுரா

பதில்: போதாதும்மா. வண்டி கைமாறியதும் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி உங்களுக்கு வந்துவிடும். ஆனால் சொந்தச் சேதமும் திருட்டும் அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்எக்ஸ்100-க்கு இன்றும் எவ்வளவு கிராக்கி என்று உங்களுக்கே தெரியும். திருடனுக்கும் தெரியும்.

ஓசூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று நம்பரை அப்படியே விட்டுவிடாதீர்கள். 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு ஓசூர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று தேவை. விற்றவர் தொடர்பில் இருக்கும்போதே கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் 1968 ஜாவா உள்ளது. ‘விஏ’ வரிசை விண்டேஜ் நம்பர் வாங்கினால் இன்சூரன்ஸ் குறையும் என்கிறார் நண்பர். உண்மையா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், காக்ஸ் டவுன்

பதில்: ஐயா, பைக்குக்கு அப்படி ஒரு சலுகை இல்லை. விண்டேஜ் நம்பருக்கான விதி 2021 ஜூலையில் வந்தது. 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் இரு சக்கர வாகனத்துக்கும் காருக்கும் பொருந்தும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். விண்ணப்பத்தோடு இன்சூரன்ஸ் பாலிசியையும் வைக்க வேண்டும். பதிவானபின் கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க — இவற்றுக்கு மட்டுமே வண்டி ரோட்டுக்கு வரலாம். காலையில் அல்சூர் ஏரி வரை போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருவது இதில் சேராது. நீங்கள் வண்டியை ஓட்டுகிறவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு சந்தோஷமாக ஓட்டுங்கள்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை எங்கே இருக்கிறதென்றால், விண்டேஜ் எனப் பதிவான தனியார் காருக்கு தேர்ட் பார்ட்டி கட்டணத்தில் 50 சதவீதத் தள்ளுபடி உண்டு. 2022 அறிவிப்பிலும் அது இருக்கிறது. காருக்கு மட்டும்தான். இது எனக்குப் பல வருடமாக ஆறாத ஆதங்கம். மாளிகை கேரேஜில் நிற்கும் காருக்குக் கொடுக்கும் சலுகையை, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஜாவாவைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஆசிரியருக்கு ஏன் கொடுக்கக் கூடாது? பிரிட்டனில் பழைய பைக்குகளுக்கென்றே தனி பாலிசிகள் உண்டு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு, வருடத்துக்கு இவ்வளவு மைல்தான் ஓட்டுவேன் என்ற உறுதி, அதற்கேற்ற பிரீமியம். இங்கேயும் ஓடும் தூரத்தை வைத்துப் பிரீமியம் வசூலிக்க 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. ஒரே ஆளின் பல வண்டிகளை ஒரே பாலிசியில் சேர்க்கவும் அப்போதே அனுமதி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பழைய பைக்குக்கு ஒரு பாலிசி வடிவமைக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பெங்களூரில் ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் வருடா வருடம் ஜூலையில் ஒன்றுகூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மனு எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு ஐஆர்டிஏஐ-க்கு அனுப்புங்கள், முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: என் 1991 புல்லட்டை லாரி ஒன்று உரசிவிட்டது. பில் 18,000 ரூபாய், அதில் கூலி 4,000. இன்சூரன்ஸில் கொடுத்தது 7,600தான். ஏமாற்றுகிறார்களா? — வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: பாதி விதிப்படி, பாதிக்கு விளக்கம் தேவை. பத்து வருடம் தாண்டிய வண்டியில் இரும்புப் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. பாகங்கள் 14,000 என்றால் அதில் பாதி 7,000. கூலி 4,000 முழுவதும் சேரும். க்ளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 100 ரூபாய் போனால் 10,900 வர வேண்டும். மீதி 3,300-ஐ எந்தத் தலைப்பில் வெட்டினார்கள் என்பது சர்வே அறிக்கையில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ‘தேவையற்ற மாற்றம்’ என்று ஏதாவது பாகத்தை அடித்திருந்தால், மெக்கானிக்கிடம் அந்தப் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். ஜே.பி. நகரில் ஜீவன் சௌதா கட்டடத்தில் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். பில், சர்வே அறிக்கை, பாலிசி, புகார் நகல் இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.